கையடக்கச் சாணைக்கல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சவரக் கத்தியின் எஃகு மனித முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடியை மழித்து மழித்தே கத்தி மழுங்கிப் போகிறது. வெண்ணெயை வெட்டி அரிவாள் மழுங்கியதாக யாரேனும் கேள்விப்பட்டதுண்டா? பிறகு இது மட்டும் எப்படி?

இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது மிக அண்மையில்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே ஒரு சிறு வெட்டும் கருவியை அமைத்து, முடியை வெட்டி வெட்டிப் பார்த்து, 2020ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். கத்தி வாய் தேய்ந்து உருண்டு போவதால் மட்டும் மழுங்குவதில்லை. பொடிப் பொடியாகச் சில்லு பெயர்கிறது. எஃகு எல்லா இடத்திலும் ஒரே சீரானதன்று. முடி நேராக நில்லாமல் வளைந்து, கத்தி வாயைச் சாய்வாகத் தொடும்போது, சீரற்ற இடம் எதுவோ அங்கே விசை குவிந்து சில்லு பெயர்ந்துவிடுகிறது. கடினமான பொருள் மென்மையான பொருளிடம் தோற்கும் விந்தை இதுதான்.

இந்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு பழைய சாணைக்கல். முடியால் பெயர்ந்த சில்லுகளைச் சரி செய்யும் வேலையைத்தானே அக்கல் காலமெல்லாம் செய்து வந்திருக்கிறது! அந்தக் கல்லைச் செப்பம் செய்வது எப்படி, கத்தியை அதில் தீட்டுவது எப்படி, அதனுள் இருக்கும் இயற்பியல் என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆம்பூரைச் சுற்றிய பாலாற்றங்கரைச் சிற்றூர்களுக்கு நடந்தே சென்று தொழில் செய்தவர். அடைப்பம் என்பது கத்தி, கத்தரிக்கோல், சாணைக்கல் முதலியவற்றை வைக்கும் பை. கூலி காசாக வராது. அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் மேரையாகக் கேழ்வரகோ நெல்லோ அளப்பார்கள். ஊர் தன் கழுத்தை நம்பி அவர் கையில் கொடுத்தது; ஆனால் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. என் தந்தையார் சலூன் வைத்தார். என்னைக் கத்தியைத் தொடவே விட்டதில்லை. "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு? இது என்னோட போகட்டும்" என்பார். செய்முறை வகுப்பில் திருகு அளவியும் வெர்னியர் அளவியும் பயின்ற பிறகு, "அளந்து பார்க்க வேண்டும்ப்பா" என்று கேட்டேன். அளப்பதற்கு என்றதும் கொடுத்துவிட்டார்!

கத்திக்குள் ஒரு முக்கோணம்

பாட்டனாரின் கத்தியின் முதுகு 5 மில்லிமீட்டர் தடிப்பு; முதுகிலிருந்து வாய் வரை அகலம் 17 மில்லிமீட்டர். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். ஆகவே பாதித் தடிப்பான 2.5ஐ 17ஆல் வகுத்தால் அரைக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும்: 0.147. அரைக் கோணம் எட்டரைப் பாகை. முழுக் கோணம் 17 பாகை. சமையலறைக் கத்திக்கு 30, 40 பாகை இருக்கும். அரிவாள்மனையையோ கத்தியையோ தீட்டுகிறவர் அந்தக் கோணத்தைக் கையாலேயே நிறுத்த வேண்டும். கை நடுங்கினால் கோணம் மாறும். சவரக் கத்தியில் கோணத்தை நிறுத்துவது கை அன்று, முதுகு. இன்னொரு நயமும் உண்டு. தீட்டத் தீட்ட வாய் தேயும்போது முதுகும் கூடவே தேய்கிறது. அகலம் குறையும் விகிதத்திலேயே தடிப்பும் குறைவதால் ஆண்டுகள் பல சென்றாலும் கோணம் பெரிதும் மாறுவதில்லை. இதைக் கண்டு செய்த கொல்லன் எந்தக் கல்லூரியில் முக்கோணவியல் படித்தானோ!

இந்த ஏற்பாடெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கல் சமதளமாக இருக்க வேண்டும். கல்லில் குழி விழுந்திருந்தால் முதுகும் வாயும் ஒரே தளத்தில் அமையா. கோணம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே கத்தியைத் தீட்டும் முன் கல்லைத் தீட்ட வேண்டும்.

எந்தக் கல்?

பனையேறிகள் பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவார்கள். சவரக் கத்திக்கு அது ஆகாது, துகள் பெரிது. இரும்புக் கடையில் விற்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லும் ஆகாது. கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. 1891இல் அமெரிக்கரான அச்சிசன் மின் உலையில் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள். 1954இல் தொடங்கப்பட்ட சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் வழியாக நம் பட்டறைகள் எல்லாம் அறிந்த பெயராயிற்று. அதன் கரடான கல் அரிவாளுக்கு நன்று. சவரக் கத்தியின் வாயை ரம்பமாக்கிவிடும்.

சவரக் கத்திக்கு வேண்டியது மாவு போன்ற நயமான கல். பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல்லில் மிக நுண்ணிய கார்னெட் மணிகள் உள்ளன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கல்லுக்கு நோவாகுலைட் என்று பெயர். இலத்தீன் மொழியில் 'நோவாகுலா' என்றாலே சவரக் கத்திதான். இன்று எண்ணிட்டு விற்கும் செயற்கைக் கற்களில் 1000 எண்ணுள்ளது கெட்டுப் போன வாயைச் சீராக்க உதவும். அதன் துகள் பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கும். அன்றாடப் பராமரிப்புக்கு 8000 எண்ணும் அதற்கு மேலும் வேண்டும். அங்கே துகள் ஓரிரு மைக்ரான்தான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரான்.)

எங்கள் வீட்டுக் கல் சாம்பல் நிறம். உடைந்த துண்டுதான்: ஆறு விரற்கடை நீளம், மூன்று விரற்கடை அகலம். வேதியியல் ஆய்வகத்தில் அதன் விளிம்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன், பொங்கவில்லை. கண்ணாடியில் இழுத்தேன்; கீறிற்று. எனவே சுண்ணாம்புக்கல் அன்று, சிலிக்கா மிகுந்த கல். மோஸ் அளவுகோலில் குவார்ட்சின் கடினம் 7. பதமேற்றிய எஃகும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இவ்வகைக் கல் எஃகை வாரிக்கொண்டு போகாது. மெல்ல மெல்லத்தான் தேய்க்கும். சவரக் கத்திக்கு அதுவே வேண்டுவது.

கல்லைச் செப்பம் செய்தல்

பல்லாண்டுப் புழக்கத்தில் கல்லின் நடு பள்ளமாகியிருந்தது. எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியும். இதைச் சமப்படுத்த எளிய வழி: தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தெளித்து ஒட்ட வைக்க வேண்டும். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். மேட்டில் உள்ள கோடு முதலில் அழியும். பள்ளத்தில் உள்ளது நிற்கும். கடைசிக் கோடும் அழியும்வரை தேய்ப்பதே கணக்கு. பத்துத் தடவைக்கு ஒரு முறை கல்லைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் கை அழுத்தும் பக்கம் அதிகம் தேயும். 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று நயமாக்கிக்கொண்டே போனேன். இரண்டு மாலைப் பொழுது பிடித்தது.

கண்ணாடி சமதளம் என்று நம்புகிறோமே, அந்த முதல் சமதளம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் விளக்கிய முறை ஒன்று உண்டு. மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் பொருத்திச் சீராக்க வேண்டும். இரண்டு மட்டும் போதாது. ஏன்? முதல் தட்டு குழிந்தும் இரண்டாவது அதற்கேற்பக் குவிந்தும் இருந்தால் அவை இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகவே பொருந்தும். மூன்றாவதும் முதல் தட்டோடு பொருந்த வேண்டுமானால் அதுவும் குவிந்திருக்க வேண்டும். ஆனால் குவிந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும்? மூன்றும் தமக்குள் பொருந்த ஒரே வழி, மூன்றும் தட்டையாக இருப்பதுதான். அளவுகோல் எதுவும் இல்லாமலே, வெறும் தருக்கத்தால் ஒரு சமதளம் பிறக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டை மட்டும் தேய்த்தால் குழிவும் குவிவும் உண்டாகும் என்பதும் வீணான செய்தி அன்று. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளை இட்டுத் தேய்த்தால் மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். தொலைநோக்கி ஆடி செய்வதன் அடிப்படை இதுவே. வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில் 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி, பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் தேய்த்து மெருகிடப்பட்டது. அடைப்பத்தில் கிடந்த கல்லுக்கும் காவலூர் ஆடிக்கும் அடிப்படைத் தொழில் ஒன்றே.

சமதளமானதும் கல்லின் நான்கு விளிம்புகளையும் சாய்வாகத் தேய்த்து முனை மழுக்க வேண்டும். கூரிய விளிம்பு கத்தி வாயில் பட்டால் பல் விழும். பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இதில் சோம்பல் கூடாது. 220 எண் தாளின் துகள் ஏறத்தாழ 65 மைக்ரான்; நல்ல கத்தி வாயின் தடிப்போ ஒரு மைக்ரானுக்கும் கீழ். அத்தகைய துகள் ஒன்றே ஒன்று கல்லில் ஒட்டியிருந்தாலும் போதும், செய்த வேலையெல்லாம் பாழ். மற்றொன்று: தண்ணீரில் பழகிய கல்லில் எண்ணெய் விடக்கூடாது. எண்ணெய் ஒரு முறை கல்லுக்குள் இறங்கினால் பிறகு தண்ணீர் அதில் சரியாகப் பரவாது.

தீட்டுதல்

கல் சிறிதாக இருப்பது குறை அன்று. இடது உள்ளங்கையில் அடங்கும். விரல் நுனிகள் மேலே நீட்டாமல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். தண்ணீர் சில சொட்டு. கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே செல்லுமாறு, கல்லின் மேல் ஒரு மெல்லிய படலத்தைச் சீவி எடுப்பது போலத் தள்ள வேண்டும். கத்தியின் நீளம் கல்லின் அகலத்தைவிட அதிகமாதலால் தள்ளும்போதே அடியிலிருந்து நுனிக்கு நகர்த்திக்கொண்டு போக வேண்டும். போக்கும் வரத்தும் சேர்ந்து கல்லின் மேல் பெருக்கல் குறி போல அமையும். மறுபக்கத்துக்குப் புரட்டும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அவ்வளவுதான்.

அழுத்தம் எவ்வளவு? கத்தியின் எடையே 50, 60 கிராம்தான்; அந்த எடை போதும். புதிதாகப் பழகுவோர் எல்லாரும் அழுத்துவார்கள். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து மறுபுறம் ஓர் இழையாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த இழை கூர் போலவே ஏமாற்றும். முதல் சவரத்தில் ஒடிந்து விழும்.

எத்தனை முறை? பராமரிப்புக்காக என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று. என் தந்தையார் சொல்வது: "கல்லு கத்தியத் தின்னும். பசிக்கு மட்டும் போடு." இழுத்த இழுப்புக்கெல்லாம் கல்லைத் தேடுகிறவரின் கத்தி சில ஆண்டுகளில் ஈர்க்குச்சி ஆகிவிடும், அறிந்தவர் கத்தி அடுத்த தலைமுறைக்கும் வரும். போதுமா என்று அறிய, ஈரமான கட்டைவிரல் நகத்தின் மேல் எடையே வைக்காமல் கத்தியை நகர்த்திப் பார்ப்பார்கள். வழுக்கினால் மழுங்கல்; மெல்லப் பற்றி இழுத்தால் பதம்; கரகரவென்றால் பல்லோ இழையோ இருக்கிறது என்று பொருள்.

பேராசிரியரின் அனுமதி பெற்று, தீட்டும் முன்னும் பின்னும் கத்தி வாயை நுண்ணோக்கியில் 100 மடங்கு பெருக்கிப் பார்த்தேன். கீழிருந்து வரும் ஒளியில் வாயின் நிழலுருவம் தெரியும். முன்பு எலி கடித்த சப்பாத்தி ஓரம் போல இருந்தது. பன்னிரண்டு சுற்றுக்குப் பின் நேர்கோடு; ஒரே ஒரு பெரிய பள்ளம் மட்டும் ஆழம் குறைந்து எஞ்சியிருந்தது. உண்மையான கூரை இந்தக் கருவியால் காண முடியாது. ஒளியின் அலைநீளம் காரணமாக, ஏறத்தாழ கால் மைக்ரானுக்கும் குறைந்ததை எந்தச் சாதாரண ஒளி நுண்ணோக்கியும் பிரித்துக் காட்டாது. நகம் உணர்வதை ஆய்வகக் கருவி காணவில்லை என்பதை அப்பாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

கல்லுக்குப் பின் தோல்

கல்லோடு வேலை முடிவதில்லை. அதன்பின் தோல் வார். இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. வாய் முன்னே சென்றால் தோல் அறுபடும். முப்பது, நாற்பது முறை இழுத்தால் வாயின் வளைவுகள் நிமிர்ந்து மெருகேறும். எஃகை எடுப்பது கல். எடுக்காமலே ஒழுங்குபடுத்துவது தோல். அதனால்தான் ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோலிலும், எப்போதாவது மட்டும் கல்லிலும் தீட்டுகிறார்கள்.

தோல் நகரமான ஆம்பூரில் வாருக்கா பஞ்சம் என்று நினைக்கலாம். ஆனால் காலணி மேற்பாகத்துக்காக இங்கே பதனிடும் குரோம் தோல் மென்மையானது, இழுபடக்கூடியது. வார் தொய்ந்தால் கத்தி வாய் அதில் அமுங்கி உருண்டுவிடும். வாருக்கு விறைப்பான பட்டைத் தோல் வேண்டும். ஒரு காலத்தில் நம் பகுதியின் பெயரே அந்தத் தோலால்தான் பரவிற்று. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறியது அது. 1970களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பின் முழுப் பதனீட்டுக்கும் காலணிக்கும் தொழில் திரும்பியது, குரோமியம் ஓங்கியது. எங்கள் தெருவில் டேனரி வேலைக்குப் போகும் மாமா ஒருவர் பட்டைத் தோல் துண்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து தந்தார். பாட்டனாரின் கத்திக்கு இப்போது அதுதான் வார்.

வாரில் சிலர் பச்சை நிறப் பசை தடவுவார்கள். அது குரோமியம் ஆக்சைடு. அரை மைக்ரான் அளவுள்ள கடினமான துகள். குரோமியம் என்றதும் நம் மாவட்டத்தார் திடுக்கிடுவதில் நியாயம் உண்டு. இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற இலட்சக்கணக்கான டன் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதை அறியாதார் யார்? ஆனால் அந்த மஞ்சள் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நீரில் கரையும், புற்றுநோய் தரும். பச்சைப் பசையில் இருப்பது மூன்று இணைதிறன், நீரில் கரையாது. ஒரே தனிமம்தான், எலெக்ட்ரான் கணக்கு வேறு.

கத்தி ஏன் கடையை விட்டுப் போயிற்று?

இவ்வளவு நுட்பமான கருவி இன்று சலூனில் இல்லை. அதற்கான காரணத்திலும் வேலூருக்குப் பங்கு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பல முகங்களுக்கு ஒரே கத்தி என்ற வழக்கத்தை நாடு அஞ்சத் தொடங்கியது. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. உண்மையில் கத்தியால் பரவும் ஆபத்து எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை 'பி' வைரசுக்கே அதிகம். அது உடலுக்கு வெளியே ஏழு நாட்கள்கூட உயிர்ப்போடு இருக்கும். கல்லும் தோல் வாரும் கொதிநீரில் போடக்கூடியவை அல்ல. ஆகவே கடையில் பாதி பிளேடு வந்தது சரியே என்பது என் எண்ணம். அப்பாவும் அதில் எந்தக் குறையும் சொல்வதில்லை. கல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் ஒருவர் தம் முகத்துக்கு மட்டும் ஒரு கத்தி வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. அப்படி வைத்திருப்போர் கத்தியையும் கல்லையும் வாரையும் வீட்டில் இன்னொருவருக்குக்கூடத் தரக்கூடாது. சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, மடிக்காமல் ஒரு நாழிகை காற்றாட வைக்க வேண்டும். பிடிக்குள் ஈரம் தங்கினால் இந்தக் கரிம எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். வாயில் ஒரு துளி எண்ணெய் தடவலாம். மறுநாள் வாரில் இழுக்கும் முன் அதைத் துடைத்துவிட வேண்டும். கல்லை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சில் கோடு போட்டுப் பார்த்து, பள்ளம் விழத் தொடங்கினால் அப்போதே நயமான தாளில் தேய்த்துவிட்டால் இருபது தேய்ப்பில் வேலை முடியும். எங்கள் கல்லைப் போல் இரண்டு மாலைப் பொழுது ஆகாது.